சாளக்கிராமக் கடல் எப்போது மூடியது?

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் திருமேனி 16,008 சாளக்கிராமங்களால் ஆனது என்பது கோயில் மரபு. "நேபாளத்து ஆற்றுக் கல்லுக்குள் கடல் நத்தை எப்படி வந்தது? அந்தக் கடல் எங்கே போயிற்று?" என்று அவ்வூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்.

அது நத்தை இல்லை, கணவாய் மீனுக்கு உறவான, அழிந்துபோன அம்மோனைட் என்ற உயிர். இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே கிடந்த டெத்திஸ் கடலில் வாழ்ந்தது. இந்தியத் தட்டு வடக்கே நகர நகர, கடலடித் தரை ஆசியாவுக்கு அடியில் புகுந்து மறைந்தது. குமரிக்கண்டம் என்று நாம் பேசுவது நிலத்தைக் கடல் கொண்ட கதை. அதற்குப் பாறைச் சான்று கிடையாது. இதுவோ தலைகீழ்க் கடல்கோள். இதற்குச் சான்று கல்லிலேயே இருக்கிறது.

ஆனால் மூடிய காலத்தைச் சாளக்கிராமம் சொல்லாது. அதற்கு ரேடியோலேரியா வேண்டும். மணல் பொடியளவே உள்ள ஒற்றைச்செல் உயிர். சிலிக்காவால் கூடு கட்டும். சுண்ணாம்பு ஓடுகள் கரைந்துபோகும் ஆழத்திலும் இந்தக் கூடுகள் தங்கி, இறுகி, செர்ட் பாறையாகும். இனங்கள் அடிக்கடி மாறுவதால், எந்த இனம் என்று தெரிந்தால் பாறையின் வயது தெரியும்.

சிக்கல் இதுதான்: கூடும் சிலிக்கா, சுற்றியுள்ள கல்லும் சிலிக்கா. பிரிப்பது எப்படி? கல்லைச் சிறு துண்டுகளாக உடைத்து, சுமார் 5% ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் ஒரு நாள் ஊறவைப்பார்கள். களிமண் கலந்த நுண்ணிய கல் முதலில் அரிபடும். கூடு சற்றுத் தாக்குப்பிடிக்கும். அந்தச் சின்ன இடைவெளியில்தான் மொத்த வித்தையும். அமிலம் கூடினால் முள்ளும் துளையும் மழுங்கி இனம் தெரியாது; குறைந்தால் கூடு கல்லோடு ஒட்டியே கிடக்கும். பாத்திரம் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், கண்ணாடியை இந்த அமிலம் தின்றுவிடும். தோலில் பட்டால் எலும்புவரை போகும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கையெட்டும் தூரத்தில் இல்லாமல் புட்டியைத் திறக்கக் கூடாது.

பிறகு 63 மைக்ரான் சல்லடையில் அலசல். முந்தைய மாதிரியின் கூடு கண்ணியில் சிக்கியிருந்தால் வயது பல லட்சம் ஆண்டு பிசகும். அதனால் சல்லடையை மெத்திலீன் நீலத்தில் நனைத்தெடுப்பதுண்டு. அடுத்த அலசலில் நீலமாகத் தெரிவது பழைய பாக்கி. காய்ந்ததை நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். கருவி வாங்கப் பணம் கிடைக்கிறது. இப்படிப் பொறுக்கி இனம் சொல்லும் ஆளுக்குச் சம்பளம்தான் கிடைப்பதில்லை.

தென் திபெத்தின் சாங்டான்லினில் இந்த வேலை பலன் தந்தது. அங்கே கீழடுக்கில் இந்தியாவிலிருந்து வந்த வெண்குவார்ட்ஸ் மணல்; மேலே ஆசிய எரிமலைத் துகள் கலந்த மணல். அதாவது ஆசிய மணல் இந்தியக் கரைவரை வந்துவிட்டது, நடுவே இருந்த கடலடித் தரை மறைந்துவிட்டது. அந்த மாற்றத்தை ஒட்டிய அடுக்குகளின் ரேடியோலேரியா ஏறக்குறைய 5.9 கோடி ஆண்டு என்கிறது. இந்தியா முதலில் முட்டியது தீவு வரிசையில்தான், ஆசியாவில் அல்ல என்று மறுப்போரும் உண்டு.

முட்டியவுடன் தண்ணீர் வற்றிவிடவில்லை. ஆழமற்ற கடலில் நும்முலைட் என்ற ஒற்றைச்செல் உயிரின் நாணயம்போன்ற ஓடுகள் இன்னும் பல லட்சம் ஆண்டு குவிந்தன. லடாக்கின் சான்ஸ்கரில் அந்தச் சுண்ணாம்புக்கல்லுக்கு மேலே ஆறு கொண்டுவந்த சிவப்பு மண் கிடக்கிறது.