அப்பாவின் ஃபிளிப் போனும் காந்தக் காப்பும்

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய அப்பாவுக்கு 74 வயது. குறுவையோ சம்பாவோ, நாற்றங்கால் முதல் களம் வரை இன்னும் தானே நின்று பார்க்கிற மனிதர். சிங்கப்பூரில் இருக்கும் மகன் பல வருடங்களுக்கு முன்பு கொண்டுவந்து கொடுத்த ஃபிளிப் போனைத்தான் இன்றும் வைத்திருக்கிறார். தொடுதிரை போன் வாங்கிக் கொடுத்தும் தொடவில்லை. மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டால் வரப்பில் குனிந்து நிமிரும்போது பொத்தான் எதுவும் அழுந்தாது. சேற்றுக் கையோடு கட்டைவிரலால் நெம்பினாலே திறந்துகொள்ளும். பேசி முடித்து டப்பென்று மூடினால் பேச்சு முடிந்தது. அவருக்கு இது போதும்.

அந்தப் போனில்தான் ஆறு மாதமாக ஒரு கோளாறு. திறந்து நம்பர் அழுத்த ஆரம்பித்தால் திடீரென்று திரை அணைந்துவிடுகிறது. பேசிக்கொண்டே போனைக் காதிலிருந்து இறக்கினால், மூடுவதற்கு முன்பே கட் ஆகிவிடுகிறது. ஆனால் காதோடு வைத்துப் பேசும் வரை ஒன்றும் ஆவதில்லை. இன்னொரு விசித்திரம், மகள் கையில் எடுத்தால் போன் ஒழுங்காக வேலை செய்கிறது. ரிப்பேர் கடையிலும் அப்படியே. "நல்லாத்தானே இருக்கு" என்று இரண்டு தடவை திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்பாவின் கைராசி அப்படி என்று அத்தை ஒருவர் முடிவே கட்டிவிட்டார். "இதுக்கு அறிவியல்ல ஏதாவது காரணம் இருக்குமா சார்?" என்று கேட்டிருந்தார் மகள்.

பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டு அனுப்பினேன். அப்பா இடது கையில் ஏதாவது அணிந்திருக்கிறாரா? அன்று மாலையே பதில் வந்தது. ஆறேழு மாதத்துக்கு முன்பு ஒரு பொருட்காட்சியில் வாங்கிய காந்தக் காப்பு. ரத்த ஓட்டத்துக்கும் பிரஷருக்கும் நல்லது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். அதிலிருந்து கையைவிட்டுக் கழற்றவே இல்லை.

காப்புக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம்? அதைச் சொல்ல, ஃபிளிப் போனுக்குள் இருக்கும் ஒரு சின்னப் பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மடக்குகிற வடிவத்தை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது 1996இல் வந்த மோட்டோரோலா ஸ்டார்டாக். எடை ஏறத்தாழ 88 கிராம். அப்புறம் 2004இல் அதே நிறுவனத்தின் ரேசர் வி3 வந்தது. மூடிய நிலையில் தடிமன் 13.9 மில்லிமீட்டர்தான். 13 கோடிக்கு மேல் விற்றது. இந்த வகைப் போன்களை வைத்திருந்தவர்களுக்குப் பழக்கமான தொல்லை ஒன்று உண்டு. திறந்து மூடித் திறந்து மூடி, கீலுக்குள் சுருண்டு போகும் மெல்லிய ரிப்பன் கேபிளில் செம்புத் தடம் வெடித்துவிடும். திரை வெள்ளையாகிவிடும், அல்லது சாய்த்துப் பிடித்தால் மட்டும் எரியும். நம் வாசகியின் அப்பா போனில் அந்தத் தொல்லை இல்லை. கேபிள் வெடித்திருந்தால் யார் கையில் இருந்தாலும் மக்கர் பண்ணியிருக்கும்.

மூடிவிட்டார்கள் என்று போனுக்கு எப்படித் தெரிகிறது? மூடும்போது அழுந்துகிற பொத்தான் எதையும் வெளியே காண முடியாது. பொத்தான் வைத்தால் நாளாவட்டத்தில் தேயும், வியர்வையும் பதர்த் தூசியும் உள்ளே இறங்கும், களத்தில் நெல் தூற்றுகிற கையில் அது எத்தனை நாள் நிற்கும்? அதனால் மேல் மடலுக்குள் அரிசி அளவில் ஒரு காந்தத்தைப் புதைத்துவிடுகிறார்கள். கீழ் மடலுக்குள் மிளகைவிடச் சிறிய ஒரு சிலிக்கான் சில்லு. மூடினால் காந்தம் சில்லுக்கு மேலே வந்து நிற்கும். இடையில் பிளாஸ்டிக் இருந்தாலும் காந்தப்புலத்துக்குத் தடையில்லை. ஒன்றையொன்று தொடாமலே செய்தி போய்விடுகிறது. அந்தச் சில்லின் பெயர் ஹால் உணரி.

எட்வின் ஹால் என்பவர் 1879இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். 24 வயதுகூட நிறையவில்லை. மின்சாரம் பாயும் கம்பியைக் காந்தம் தள்ளும் என்று எல்லோருக்கும் தெரியும், பத்தாம் வகுப்பில் இடது கை விதியாக நாமும் படித்தோம். காந்தம் தள்ளுவது கம்பியையா, கம்பிக்குள் ஓடும் மின்னோட்டத்தையா? கம்பியைத்தான், மின்னோட்டத்தை அல்ல என்று மின்காந்தக் கொள்கையை வகுத்த மாக்ஸ்வெல்லே எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் மாக்ஸ்வெல் எழுதினால் மறுபேச்சு கிடையாது. ஹாலுக்கு அந்த வரி உறுத்தியது. தன் ஆசிரியர் ஹென்றி ரோலண்டிடம் போய்க் கேட்டார். அவருக்கும் அதே சந்தேகம் இருந்தது. தடித்த உலோகத்தில் முயன்று பார்த்து ஒன்றும் கிடைக்காமல் விட்டிருந்தார். அப்புறம் அவர் யோசனைப்படி ஹால் கண்ணாடித் தட்டின்மேல் தங்க ரேக்கை ஒட்டினார். தஞ்சாவூர் ஓவியத்தில் கிருஷ்ணருக்கு நகையாக ஒட்டுகிறார்களே, அது மாதிரி ஊதினால் பறக்கிற ரேக்கு. நீளவாக்கில் மின்னோட்டத்தைப் பாய்ச்சி, ரேக்குக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் கொடுத்து, அகலவாக்கில் இரண்டு ஓரங்களுக்கும் இடையே, மிகச் சிறிய மின்னோட்டத்தையும் முள் அசைந்து காட்டும் கால்வனோமீட்டரை இணைத்தார். முள் நகர்ந்தது. எலக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. ஜே.ஜே. தாம்சன் அதைக் கண்டுபிடிக்க இன்னும் 18 வருடம் இருந்தது.

ரேக்குக்குள் என்ன நடந்தது? ஒரு பாசன வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரோடு ஆகாயத்தாமரை மிதந்து வருகிறது. குறுக்கே மேல்காற்று அடிக்கிறது. செடிகள் ஓடிக்கொண்டே ஒரு கரையாக ஒதுங்கும். ஒதுங்க ஒதுங்க அந்தக் கரையில் நெரிசல். புதிதாக வருகிற செடியைக் காற்று எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு அந்த நெரிசல் திருப்பித் தள்ளும். அதற்குமேல் குவியாது, நேராகப் போய்விடும். ரேக்குக்குள் செடிகளின் இடத்தில் எலக்ட்ரான்கள், காற்றின் இடத்தில் காந்தம். ஒரு ஓரத்தில் எலக்ட்ரான் நெரிசல், எதிர் ஓரத்தில் பற்றாக்குறை. இரண்டு ஓரங்களுக்கும் நடுவே மின்னழுத்தம் பிறக்கிறது. ஹால் அளந்தது இந்த நெரிசலைத்தான்.

ஆனால் காற்றுக்கும் காந்தத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதில்தான் இந்தக் கருவியின் அழகே இருக்கிறது. காற்று நிற்கிற செடியையும் தள்ளும். காந்தம் நிற்கிற எலக்ட்ரானைச் சீண்டாது. ஓடுகிற எலக்ட்ரானைத்தான் தள்ளும், வேகமாக ஓடினால் பலமாகத் தள்ளும். செம்புக் கம்பியில் எலக்ட்ரான்கள் எண்ணிக்கையில் ஏராளம், அதனால் ஒவ்வொன்றும் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராமலே நமக்கு வேண்டிய மின்னோட்டம் கிடைத்துவிடும். அகண்ட காவிரியில் தண்ணீர் அசைவது தெரியாமல் போகிற மாதிரி. அதே அளவு தண்ணீரைக் குறுகிய மதகு வழியாக அனுப்பினால் சீறிக்கொண்டு ஓடும். ரேக்கு மெலிய மெலிய ஓரங்களுக்கு நடுவே பிறக்கும் மின்னழுத்தம் கூடுவதற்குக் காரணம் இதுதான். ரோலண்டின் தடித்த உலோகத்தில் தெரியாதது ஹாலின் தங்க ரேக்கில் தெரிந்ததும் இதனால்தான். சிலிக்கான் போன்ற குறைகடத்தியில் ஓடக்கூடிய எலக்ட்ரான்களே சொற்பம். அவை விரைந்தோடியாக வேண்டும், காந்தமும் பலமாகத் தள்ளும். ஹாலின் முள் தடவிக் கண்டுபிடித்ததைச் சில்லு சுலபமாக உணர்கிறது.

சுலபம் என்றாலும், வருகிற மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட்டில் சிறு பங்குதான். சில்லைப் பொதிந்திருக்கும் பிளாஸ்டிக் சித்திரை வெயிலில் லேசாக விரிந்து சிலிக்கானை அழுத்தினாலே அந்த அளவுக்குப் பொய் மின்னழுத்தம் வந்துவிடும். பொய்யை எப்படிப் பிரிப்பது? சில்லுக்குள் மின்னோட்டத்தை ஒரு தடவை தெற்கு வடக்காக ஓடவிட்டு அளக்கிறார்கள், அடுத்த நொடித்துளியில் கிழக்கு மேற்காக ஓடவிட்டு அளக்கிறார்கள். காந்தத்தால் வருவது இரண்டிலும் ஒரே குறியோடு வரும், பிளாஸ்டிக் அழுத்துவதால் வரும் பொய் குறி மாறி வரும். கூட்டினால் பொய் அடிபட்டுப் போகும், மெய் மட்டும் மிஞ்சும். இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளில் நான் அடைந்த சந்தோஷம் இன்றைக்கும் குறையவில்லை.

இந்தச் சில்லு முழு நேரமும் விழித்திருப்பதுமில்லை. நொடிக்கு ஏறத்தாழ இருபது தடவை கண் விழித்து, காந்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உடனே தூங்கிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் விழிப்பு. அதனால் பேட்டரியிலிருந்து சராசரியாகச் சில மைக்ரோஆம்பியர் எடுத்தாலே போதும். வடதுருவமா தென்துருவமா என்றும் பல சில்லுகள் பார்ப்பதில்லை. காந்தப்புலம் மூன்று நான்கு மில்லிடெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு) வந்துவிட்டால் மூடியாயிற்று என்று சொல்லிவிடும். பூமியின் காந்தப்புலம் நம் ஊரில் அதில் நூறில் ஒரு பங்கு அளவுதான், அது சில்லை ஏமாற்றாது. காந்தக் காப்பு ஏமாற்றும்.

இப்போது அப்பாவின் கைக்கு வருவோம். சிறிய காந்தத்தின் புலம் தூரத்தோடு மிக வேகமாகக் குறையும். தூரம் இரட்டிப்பானால் எட்டில் ஒரு பங்காகிவிடும். போனைக் காதில் வைக்கும்போது முன்னங்கை நிமிர்ந்து நிற்கிறது, தளர்வான காப்பு முழங்கைப் பக்கம் நழுவிவிடுகிறது. சில்லுக்கு எதுவும் தெரியாது, பேச்சு தொடரும். கையை இறக்கினால் காப்பு மணிக்கட்டுக்கு ஓடிவரும், போனின் அடிப்பாகத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குள். சில்லு மூடிவிட்டார்கள் என்று சொல்லும், போனும் நம்பி இணைப்பைத் துண்டிக்கும். மகளுக்குக் காப்பு இல்லை, கடைக்காரருக்கும் இல்லை. கைராசி என்று அத்தை சொன்னது இந்தக் காப்பைத்தான்.

காப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் அதை இழுத்து ஓட்டத்தைச் சீராக்கும் என்பதுதான் விற்பவர்கள் சொல்லும் கதை. ஹீமோகுளோபினில் இருப்பது ஆணி இரும்பு போன்றதல்ல. வேதியியலாளர்கள் லைனஸ் பாலிங்கும் சார்ல்ஸ் கோரியெலும் 1936இலேயே அளந்து காட்டினார்கள். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினைக் காந்தம் மிக மெலிதாக விலக்குகிறது, ஆக்சிஜன் இறங்கிய ஹீமோகுளோபினை மிக மெலிதாக இழுக்கிறது. எம்ஆர்ஐ ஸ்கேனில் 1.5 டெஸ்லா புலத்துக்குள் அரை மணி நேரம் படுத்துவிட்டு எழுந்து வருகிறோம், ரத்தம் ஒரு பக்கமாகக் குவிந்துவிடுவதில்லை. பிரஷருக்கு மாத்திரையை நிறுத்திவிட்டுக் காப்பை நம்புகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அது என்னைப் பயமுறுத்துகிறது. காப்பு என்று தெரிந்ததும் வாசகியிடம் முதலில் கேட்டது இதைத்தான். நல்லவேளை, அவருடைய அப்பா மாத்திரையை விடவில்லை.

ஹால் இதைக் கண்டுபிடித்தபோது ஒரு பயனும் கிடையாது. ஏறத்தாழ எழுபது வருடம் கழித்துக் குறைகடத்திகள் வந்த பிறகுதான் கருவியாயிற்று. இன்று மின்சார ஸ்கூட்டரின் ஆக்சிலரேட்டரிலும் லேப்டாப் மூடியிலும் இருப்பது இதே உணரிதான். 1980இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிளிட்சிங் இதே விளைவைக் கடுங்குளிரில் அளந்து பார்த்து ஒரு புதிய இயற்பியலையே திறந்தார், 1985இல் நோபல் வாங்கினார். நான் எம்எஸ்சி படித்த கல்லூரியில் ஹால் விளைவுப் பரிசோதனைக்கு ஒரே ஒரு செட் இருந்தது. அதன் மின்காந்தச் சுருள் கருகிக் கிடந்தது. சீனியர் ரெக்கார்ட் நோட்டிலிருந்து அளவுகளைப் பார்த்து எழுதினோம். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதத்தைக்கூட ஆராய்ச்சிக்குக் கொடுக்காத நாடு நம்முடையது. பெரிய ஆய்வகங்களுக்குக் கொடுக்கட்டும், வேண்டியதுதான். அதற்கு முன்னால் மன்னார்குடியிலும் மயிலாடுதுறையிலும் படிக்கிற பிள்ளைகள் அந்த முள் நகர்வதைத் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அதற்குக் காத்திருக்காமல் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். பீரோவில் கிடக்கும் ஃபிளிப் போனை எடுத்து சார்ஜ் போட்டுத் திறந்து வையுங்கள். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பொத்தான் பக்கத்தின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் விளக்கு அணையும், சில்லு அங்கேதான் படுத்திருக்கிறது. இப்போது காந்தத்தை நேர் மேலே தூக்குங்கள். அணைந்த உயரத்திலேயே விளக்கு திரும்ப எரியாது, இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும். மாடித் தொட்டியில் மிதவை வைத்த மோட்டார், தண்ணீர் ஒரு விரல் குறைந்ததும் ஓட ஆரம்பிக்காமல் நன்றாக இறங்கும் வரை காத்திருக்குமே, அதே ஏற்பாடு. எல்லைக்கோட்டில் கை நடுங்கினாலும் போன் திறந்து மூடித் திறந்து மூடித் தடுமாறக் கூடாது என்று வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது.

நீடாமங்கலத்து அப்பா காப்பைக் கழற்றி இதைச் செய்து பார்த்தாராம். பேத்தியின் அடிஸ்கேலை வாங்கி அளந்திருக்கிறார். அணைவதற்கும் எரிவதற்கும் இடையே இரண்டு மில்லிமீட்டர் வந்ததாக மகள் எழுதியிருக்கிறார்.