அசேக்கியா: ஒழுகுவதற்கென்றே ஒரு வாய்க்கால்

ஸ்பெயினின் தெற்கே, அந்தலூசியாவின் சியெரா நெவாடா மலைச்சரிவு ஊர்களில் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே வந்து விழும் சொல் அசேக்கியா. ஓடையை மேலே மறித்துத் திருப்பி, மலையின் இடுப்போரமாகவே வளைத்து வளைத்து வயலுக்குக் கொண்டுவரும் வாய்க்கால் அது.

சொல் அரபியிலிருந்து வந்தது. ‘ஸகா’ என்றால் தண்ணீர் புகட்டுதல். ‘ஸாக்கியா’ என்றால் புகட்டுபவள். அரபியில் வாய்க்கால் பெண்பால். முன்னால் ‘அல்’ என்ற சுட்டு சேரும்போது லகரம் மறைந்து ‘அஸ்ஸாக்கியா’ ஆகும். ஸ்பானியர்கள் சுட்டைக் கழற்றாமல் அப்படியே சொல்லாக்கிக்கொண்டார்கள். அசூகர் (சர்க்கரை), அசெய்த்தே (எண்ணெய்), அல்கொதோன் (பருத்தி) எல்லாமே இப்படி வந்தவைதான்.

ரோமானியர் காலத்திலேயே அங்கே பாசனம் உண்டு. ஆனால் 711இல் தொடங்கிய முஸ்லிம் ஆட்சிக் காலத்தில்தான் வாய்க்கால்கள் மலையெங்கும் வலையாகப் பரவின. கிரனாடாவின் அல்அம்ப்ரா கோட்டைக்கே 13ஆம் நூற்றாண்டில் தாரோ ஆற்றிலிருந்து சுமார் 6 கி.மீ. தூரம் வெட்டிவந்த ‘அசேக்கியா ரெயால்’, அதாவது அரச வாய்க்கால்தான் தண்ணீர் தந்தது. 1492இல் கிரனாடா கத்தோலிக்க அரசர்கள் கைக்குப் போனது. 1568இல் அல்புஹாரா மலையில் கிளர்ச்சி வெடித்தபின், மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களான மொரிஸ்கோக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேற்றப்பட்டார்கள். வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் வாய்க்காலை மட்டும் தூர்க்கவில்லை, பேரையும் மாற்றவில்லை. அணைக்கட்டுக்கு அசூத், நீர்த்தொட்டிக்கு அல்பேர்கா என்று அரபி வழிச் சொற்களே இன்றும் அங்கே புழங்குகின்றன.

இதில் எனக்குப் பிடித்த வகை ‘அசேக்கியா தெ கரேயோ’. பனி உருகும் காலத்தில் இந்த மண் வாய்க்காலில் தண்ணீரைத் திருப்பி, நீர் உறிஞ்சும் இடமாகப் பார்த்து வேண்டுமென்றே கசிய விடுவார்கள். மேலே மண்ணுக்குள் இறங்கிய நீர் பாறை இடுக்குகளில் மெல்ல நகர்ந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து, கோடையில் கீழே ஊற்றாகப் புறப்படும். இதை அங்கே ‘தண்ணீர் விதைத்தல்’ என்பார்கள். வாய்க்கால் ஒழுகினால் சிமெண்ட் பூசத் துடிக்கும் பொறியாளர் கண்ணுக்கு இது கோளாறு. ஆனால் கரையோரக் கஷ்கொட்டை மரங்கள் வாழ்வதே அந்தக் கசிவில்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கால்வாய்’ வேண்டாம், கப்பல் போகிற சூயஸையும் அப்படித்தான் சொல்கிறோம். ‘வாய்க்கால்’ கச்சிதம். முறை வைத்துத் தண்ணீர் திறந்துவிடும் அசேக்கியேரோவுக்கு நம் ‘நீர்க்கட்டி’ இருக்கவே இருக்கிறார். கரேயோவுக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ‘ஊற்றுக்கால்’ என்று சொல்லத் தோன்றும், ஆனால் அது பாலாற்றுப் படுகையில் ஊற்றைத் தோண்டி நீரை வெளியே கொண்டுவரும் கால். இங்கே நடப்பது நேர் எதிர். நீரை உள்ளே அனுப்புவதால் ‘ஊறல் வாய்க்கால்’ என்று எழுதலாம் என்பது என் கட்சி.