ஓடை ஓரத்து மனை: ரோடு எந்தப் பக்கம்?

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் அதற்கு ஆயிரத்து இருநூறு மீட்டருக்குக் குறையாமல் கீழே. மலையில் பெய்கிற மழை எந்த வழியாவது இறங்கித்தானே ஆக வேண்டும்? சேர்வராயன் மலையில் மஞ்சவாடிப் பக்கம் புறப்படும் திருமணிமுத்தாறு, சேலம் நகருக்கு நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் பரமத்தி வேலூர் அருகே காவிரியில் சேர்கிறது. அந்த ஆற்றை எல்லோருக்கும் தெரியும். அதில் வந்து விழும் சின்ன ஓடைகளுக்குப் பல இடங்களில் பெயர்கூடக் கிடையாது. சர்வே எண்ணுக்கான அளவு வரைபடமான எஃப்.எம்.பி.யில் இரண்டு கோடு, கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் 'ஓடை புறம்போக்கு' என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

மனைப்பிரிவு வரைபடம் போடுவது என் தொழில். 'ஆற்றங்கரையில் வீடே கட்டக் கூடாது' என்று நான் சொல்லப் போவதில்லை. ஊர் பெருகுகிறது, வீடு வேண்டும், பட்டா நிலத்தில் கட்டுகிற உரிமை இருக்கிறது. நான் பார்க்கச் சொல்வது ஒன்றைத்தான்: ஓடைக்கும் மனைக்கும் நடுவில் ரோடு இருக்கிறதா, இல்லை மனையின் பின்சுவர் நேராக ஓடைமேல் நிற்கிறதா?

வழக்கமாக நடப்பது இரண்டாவது. மனை பிரித்து விற்கும் ப்ரோமோட்டர் கணக்குப்படி, இரண்டு பக்கமும் மனை இருக்கிற ரோடுதான் லாபம். ஓடை ஓரமாக ரோடு போட்டால் ஒரு பக்கம் மனை விற்காது, அது 'வேஸ்ட்'. அதனால் கடைசி வரிசை மனைகள் ஓடைக்கு முதுகைக் காட்டி நிற்கும். அப்புறம் என்ன ஆகும் என்பதை நகருக்குள் எந்தப் பாலத்தில் நின்றும் பார்க்கலாம். பின்சுவரில் நாலு இன்ச் பிவிசி பைப் எட்டிப் பார்க்கும். அதன் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு வழிந்திருக்கும். பக்கத்திலேயே இடித்த சுவரின் செங்கல் துண்டுகளைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் துளசி மாடமோ தண்ணீர்த் தொட்டியோ வந்திருக்கும். அடுத்த வீட்டுக்காரர் அதைப் பார்த்து இன்னும் இரண்டு அடி முன்னே போவார். யாரும் தன்னை ஆக்கிரமிப்பாளர் என்று நினைப்பதில்லை. பின்பக்கம் சும்மா கிடக்கிறதே என்றுதான் நினைக்கிறார்கள். தூர்வார ஜேசிபி வந்தால் இறங்க வழி இருக்காது. அந்தத் தெருவில் வளரும் பிள்ளைகள், வீட்டுக்குப் பின்னால் ஓடை ஓடுவதையே நாற்றத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

ரோடு நடுவில் இருந்தால் இத்தனையும் வாசலுக்கு எதிரே நடக்க வேண்டும். வாசலில் குப்பை கொட்ட நம் ஊரில் யாரும் விடுவதில்லை.

இதற்குத் தனிச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், ரோடு போக மீதியில் பத்து சதவீதத்தைப் பூங்கா போன்ற பொதுத் திறந்தவெளி ஒதுக்கீடாக, அதாவது ஓ.எஸ்.ஆர். இடமாக, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்கெனவே இருக்கிற விதி. ஐந்து ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரோட்டுக்கு ஒன்றரை ஏக்கர் போனால் மீதி மூன்றரை. அதில் பத்து சதவீதம் 35 சென்ட், பதினைந்தாயிரம் சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே. இதை 33 அடி அகலத்தில் ஓடையை ஒட்டி நீட்டினால் 460 அடி நீளத்துக்கு நடைபாதையும் மரமும் வந்துவிடும். அதை அடுத்து ரோடு, அப்புறம் மனை. பக்கத்து மனைப்பிரிவும் இப்படியே செய்தால் இரண்டு துண்டும் சேர்ந்து கரை நெடுக நடக்கலாம். நடைமுறையில் இந்த ஒதுக்கீடு எங்கே போகிறது தெரியுமா? விற்காத மூலைக்கு. முக்கோணமாக, ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில்.

இதைச் சொன்னால் ப்ரோமோட்டர்களிடமிருந்து வருகிற முதல் கேள்வி, "சார், ராத்திரி குடிக்க வந்து உட்காருவாங்களே?" நியாயமான கேள்வி. ஆனால் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில்தான் அந்தக் கூட்டம் உட்காரும். விளக்கு எரிந்து, எதிரே நாற்பது வாசல் திறந்திருக்கிற இடத்தில் உட்கார யோசிப்பார்கள். நீர்க்கரையை ஊரே கவனித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரியைப் பாருங்கள். 58 ஏக்கர் ஏரி. 2010-இல் ஊர் மக்கள் சேர்ந்து சீரமைத்து, அள்ளிய மண்ணைத் திட்டுகளாக்கி மரம் வைத்தார்கள். பறவை வந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆற்றை மீட்கிறோம் என்று வரும்போது முதலில் போவது கரையில் இருக்கும் குடிசைகள். அந்த மக்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டு, பக்கத்திலேயே ஓடைக்குள் நீண்டிருக்கும் மாடி வீட்டுச் சுவரை அளக்காமல் விடுவது என்ன நியாயம்? 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி ஆறு, ஓடை, ஏரி எல்லாம் அரசின் சொத்து. அந்தச் சட்டம் கூரைக்கும் காங்கிரீட்டுக்கும் வேறு வேறு இல்லை.

மனை வாங்கப் போகிறவர்கள் வில்லங்கச் சான்று பார்த்ததும் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அது யார் யாருக்கு விற்றார் என்று சொல்லும். தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று சொல்லாது. அதற்கு எஃப்.எம்.பி.யும் கிராம வரைபடமும் வேண்டும். எஃப்.எம்.பி., அ-பதிவேடு இரண்டையும் அரசின் இ-சேவைத் தளத்திலேயே சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம். அப்ரூவல் ஆன வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பூங்கா என்று பச்சை அடித்த இடத்துக்குத் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். ஓடையைக் காட்டாத வண்ண ப்ரோஷர் ஒன்றுக்கும் உதவாது.

ஏற்கெனவே கட்டியாயிற்று, பின்சுவர் ஓடைமேல்தான் நிற்கிறது என்பவர்கள் முதலில் அந்த நாலு இன்ச் பைப்பை மூடுங்கள். பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிற தெருவானால் அதில் கொடுங்கள். இல்லாவிட்டால் செப்டிக் டேங்கின் கழிவு ஓடைக்குப் போகாதபடி உறிஞ்சு குழி வெட்டுங்கள். எல்லையில் சந்தேகம் இருந்தால் தாலுகா அலுவலகத்தில் பணம் கட்டி, சர்வேயரை வைத்து அளந்துகொள்ளலாம். சுவரைப் புதுப்பிக்கிற அன்றைக்கு அந்த இரண்டு அடியை உள்ளே இழுத்துக் கட்ட அது உதவும்.