பழைய தையல் அடுத்த பிரசவத்தில் என்ன செய்யும்?

'முதல் குழந்தை சிசேரியன்னா அடுத்ததும் சிசேரியன்தான்.' நம் வீடுகளில் இது ஏறக்குறைய சட்டம். இதே கருத்தை 1916-லேயே நியூயார்க்கில் எட்வின் கிரேகின் என்ற மகப்பேறு மருத்துவர் எழுதிவிட்டார். ஆனால் அவர் சொல்ல வந்தது வேறு. முதல் ஆபரேஷனைத் தேவையில்லாமல் செய்யாதீர்கள், அதோடு முடியாது, அடுத்தடுத்த பிரசவங்களையும் அது இழுத்துக்கொண்டு போகும் என்று சக மருத்துவர்களை எச்சரித்தார். எச்சரிக்கையை எல்லோரும் மறந்துவிட்டார்கள், வாசகம் மட்டும் தங்கிவிட்டது.

அவர் காலத்துக்கு அது சரிதான். அன்று கருப்பையின் மேற்பகுதியில், கனத்த தசையை மேலிருந்து கீழாக வெட்டித்தான் குழந்தையை எடுத்தார்கள். பிரசவ வலியில் சுருங்கி, குழந்தையைக் கீழே தள்ளுகிற தசையே அதுதான். ஒவ்வொரு வலிக்கும் அந்தத் தழும்பு இழுபடும். தைத்த பிறகும் நிம்மதி இல்லை. பிரசவம் முடிந்தபோது ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும் கருப்பை, ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே வந்துவிடும். அப்படிச் சுருங்கிக்கொண்டே இருக்கிற தசையில் தையல் தளராமல் புண் ஆறுவது கஷ்டம்.

கருப்பையின் கீழ்ப்பகுதி அப்படியல்ல. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் அது மெல்ல விரிந்து உருவாகிறது. சுருங்கித் தள்ளுவது அதன் வேலையே இல்லை. மேலே இருக்கும் தசை இழுக்க, இது விரிந்து கொடுக்கும். இறுக்கமான பனியனைப் போடும்போது அதன் கழுத்து விரிந்து தலைக்கு வழிவிடுவதுபோல. 1920-களில் கிளாஸ்கோவில் மன்றோ கெர் என்ற மருத்துவர், இந்தப் பகுதியில் குறுக்காக வெட்டலாம் என்று விடாமல் வாதாடினார். இன்று பெரும்பாலான சிசேரியன்கள் அப்படித்தான் நடக்கின்றன. கருப்பையின் முன்புறம் ஒட்டியிருக்கும் சிறுநீர்ப்பையைக் கீழே ஒதுக்கி, மெலிந்த கீழ்ச்சுவரில் சின்னதாக ஒரு குறுக்கு வெட்டு. பனிக்குடம் தெரிந்ததும் கத்தியை வைத்துவிட்டு, இரண்டு விரலால் அந்த வெட்டை அகலப்படுத்துகிறார்கள். ரத்தம் குறைவாகப் போகிறது, புண்ணும் நன்றாக ஆறுகிறது.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. வயிற்றுத் தோலில் தழும்பு குறுக்காக இருப்பதால் உள்ளேயும் குறுக்காகத்தான் வெட்டியிருப்பார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஏழு மாதத்துக்கு முன்பே அவசரமாகக் குழந்தையை எடுத்திருந்தால், கீழ்ப்பகுதி அப்போது சரியாக உருவாகியிருக்காது. குழந்தை குறுக்கே கிடந்தாலும் சில சமயம் நெட்டுக்குத்தாக வெட்ட வேண்டிவரும். அதனால் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி நகை மாதிரி பத்திரப்படுத்த வேண்டிய காகிதம். அதில் 'எல்எஸ்சிஎஸ்' என்று இருந்தால், கீழ்ப்பகுதியில் நடந்த சிசேரியன் என்று பொருள்.

சரி, அப்படிக் குறுக்கு வெட்டுப் போட்டவர் அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயன்றால் என்ன ஆகும்? அமெரிக்காவில் 19 மருத்துவமனைகளில் நடந்து 2004-ல் வெளியான பெரிய ஆய்வில் 17,898 பெண்கள் முயன்றார்கள். 73 சதவீதம் பேருக்குச் சுகப்பிரசவம் ஆனது. கருப்பைத் தழும்பு பிளந்தது 0.7 சதவீதம் பேருக்கு. தானாக வலி கண்டவர்களில் இது 0.4 சதவீதம், மருந்து கொடுத்து வலி வரவழைத்தவர்களில் 1 சதவீதம். பழைய மேல்வெட்டுத் தழும்பு இருந்தால் கதையே வேறு. பிளக்கும் அபாயம் அதைப்போலப் பல மடங்கு ஆகிவிடும் என்பதால் அவர்களை வலி வரும்வரை விடுவதில்லை.

முதல் சிசேரியன் எதற்காக நடந்தது என்பதும் முக்கியம். குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருந்ததுதான் காரணம் என்றால், இந்த முறை அந்தக் காரணமே இல்லாமல் போகலாம். வழி போதாமல் குழந்தை நின்றுவிட்டது என்றால் வாய்ப்பு கொஞ்சம் குறையும். ஏற்கெனவே ஒரு சுகப்பிரசவம் ஆனவர்களில் 85 முதல் 90 சதவீதம் பேருக்கு வெற்றி கிடைக்கிறது. இரண்டு பிரசவத்துக்கும் நடுவே ஒன்றரை வருடம்கூட இல்லையென்றால் தழும்பு பிளக்கும் அபாயம் கூடுகிறது.

0.7 என்பது சின்ன எண்தான், ஆனால் நடந்துவிட்டால் நிமிடக்கணக்கில் ஆபரேஷன் செய்தாக வேண்டும். முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அம்மாவின் வலி அல்ல, குழந்தையின் இதயத்துடிப்பு. வலி தொடங்கியதிலிருந்து வயிற்றில் பெல்ட் கட்டித் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்வது அதனால்தான். தியேட்டர், மயக்க மருத்துவர், ரத்தம் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற இடத்தில் மட்டும் இதை முயல வேண்டும். அது இல்லாத ஊரில் மருத்துவர் மறுத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அப்படியென்றால் நல்ல நேரம் பார்த்து இன்னொரு சிசேரியன் செய்துகொண்டால் ஆபத்தே இல்லையா? இந்த ஒரு பிரசவத்தை மட்டும் பார்த்தால் தழும்பு பிளக்கும் பயம் பெரும்பாலும் தீரும். ஆனால் ஆபத்து அதற்கடுத்த கர்ப்பத்துக்குத் தள்ளிப்போகிறது. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். ஆக, நமக்கு இது பக்கத்து வீட்டு விஷயம்.

குழந்தைக்கு ஊட்டம் தரும் நஞ்சு, கருப்பையின் உள்படலத்தில்தான் வேர்விடும். தசைக்கும் நஞ்சுக்கும் நடுவே எல்லை போட்டு, பிரசவத்துக்குப் பின் நஞ்சைச் சுத்தமாகக் கழன்றுவர வைப்பது அந்தப் படலம்தான். தழும்பு இருக்கும் இடத்தில் படலம் குறைவு, சில இடங்களில் இல்லவே இல்லை. நஞ்சு அங்கே போய் உட்கார்ந்தால் நேராகத் தசைக்குள், சிலருக்குச் சிறுநீர்ப்பை வரைக்கும் ஊடுருவிவிடும். பிறகு அதைப் பிய்த்தெடுக்கப் போனால் ரத்தம் வெள்ளமாகப் போகும், பலருக்குக் கருப்பையையே எடுக்க நேரும். நஞ்சு கீழே இறங்கிக் கருப்பையின் வாயை மூடியிருந்தால்தான் இந்த ஆபத்து மிக அதிகம். அந்த நிலையில் இரண்டாவது சிசேரியனுக்கு வருபவர்களில் 11 சதவீதம் பேருக்கும், மூன்றாவதுக்கு வருபவர்களில் 40 சதவீதம் பேருக்கும் நஞ்சு இப்படி ஊடுருவியிருந்ததாக 2006-ல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது.

எப்போதாவது கருவே நேராகத் தழும்பில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதனால் முன்பு சிசேரியன் ஆனவர்கள் நாள் தள்ளிப்போனதும், ஆறேழு வாரத்திலேயே ஒரு ஸ்கேன் எடுத்துக் கரு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. அப்புறம் ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சு எங்கே இருக்கிறது, அது பழைய தழும்பின் மேல் படர்ந்திருக்கிறதா என்று வாய்விட்டே கேட்டுவிடலாம்.