டான் டெல்டா சரி, கெப்பாசிட்டன்ஸ் எவ்வளவு?

சொந்தமாக 110 கே.வி. சப்ஸ்டேஷன் வைத்திருக்கும் ஆலைகளில் வருடாந்திர ஷட்டவுன் முடிந்து டிரான்ஸ்பார்மர் டெஸ்ட் ரிப்போர்ட் வரும். பலரும் புஷ்ஷிங் (உயர் மின்னழுத்தக் கம்பியை டிரான்ஸ்பார்மர் தொட்டிக்குள் பத்திரமாகக் கொண்டுபோகும் இன்சுலேட்டர்) பக்கத்தைத் திருப்பி டான் டெல்டா எண்ணை, அதாவது இன்சுலேஷனில் வீணாகும் இழப்பின் அளவை, மட்டும் பார்க்கிறார்கள். 0.7 சதவீதத்துக்குள் இருக்கிறதா, சரி, ஃபைலில் போடு. பக்கத்துக் கட்டத்தில் பைகோஃபாரடில் இருக்கும் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) எண்ணை யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கு அந்த எண்தான் முதலில் வேண்டும்.

காரணம் புஷ்ஷிங்கின் உள்ளே இருக்கிறது. நடுக் கம்பியைச் சுற்றி எண்ணெய் ஊறிய காகிதம், இடையிடையே அலுமினியத் தாள். அதாவது வரிசையாகக் கோத்த பல கெப்பாசிட்டர்கள். 30 அடுக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் அடுக்கு ஓட்டையாகி ஷார்ட் ஆனால் மீதி 29தான்; நேம் பிளேட்டில் 300 பைகோஃபாரட் என்று இருந்தது 310 ஆகும். டான் டெல்டா அசையாமலே இருக்கலாம். ஆனால் மீதி அடுக்குகள் ஒவ்வொன்றும் கூடுதல் மின்னழுத்தத்தைச் சுமக்கின்றன, அடுத்தது போக நாள் பார்த்துக்கொண்டிருக்கும். ஈரம் இறங்கினாலோ காகிதம் முதுமையடைந்தாலோ கதை வேறு: அப்போது பெரும்பாலும் டான் டெல்டாதான் முதலில் ஏறும். ஒன்று பார்க்காததை இன்னொன்று பார்க்கிறது.

இந்த இரண்டையும் ஒரே அளவீட்டில் தருவதுதான் ஷெரிங் பிரிட்ஜ். ஜெர்மனியின் ஹரால்ட் ஷெரிங் 1920 வாக்கில் வெளியிட்ட சர்க்யூட் இது. வீட்ஸ்டன் பிரிட்ஜ் போலவே நான்கு கை. ஆனால் ஏ.சி.யில் டிடெக்டர் பூஜ்யம் காட்ட வேண்டுமானால் அளவு மட்டும் பொருந்தினால் போதாது, கட்டமும் (ஃபேஸ்) பொருந்த வேண்டும். கல்லூரி லேபில் செய்யும் டி சாட்டி பிரிட்ஜில் இரண்டு கெப்பாசிட்டர், இரண்டு ரெசிஸ்டர்தான். இழப்புள்ள கெப்பாசிட்டரை மாட்டினால் டிடெக்டர் குறையுமே தவிர முழுதாகப் பூஜ்யத்துக்கு வராது. ஷெரிங் நான்காவது கையின் ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு மாறும் கெப்பாசிட்டரைச் சேர்த்தார். கட்டப் பிழையை அது சரிக்கட்டும். சரிக்கட்டிய அளவே இழப்பின் அளவு.

கணக்கும் எளிது. மேலே ஒரு கையில் நம் புஷ்ஷிங், இன்னொன்றில் இழப்பே இல்லை எனும்படியான 100 பைகோஃபாரட் அழுத்தவாயு கெப்பாசிட்டர். நான்காவது கையின் ரெசிஸ்டரை 318.3 ஓம் என்று வைப்பது பழைய தந்திரம்: 50 ஹெர்ட்ஸில் மைக்ரோஃபாரடைப் பத்தால் வகுத்தாலே டான் டெல்டா. மூன்றாவது கை 106.1 ஓமிலும் இணைக் கெப்பாசிட்டர் 0.05 மைக்ரோஃபாரடிலும் பேலன்ஸ் ஆனால், புஷ்ஷிங் 300 பைகோஃபாரட், டான் டெல்டா 0.005, அதாவது அரை சதவீதம். மேலே 10 கே.வி. ஏற்றினாலும், நாம் திருகும் கைகளில் ஒரு வோல்ட் கூட விழாது. புஷ்ஷிங் பிளந்துவிட்டால் மட்டும் நிலைமை மாறும்; அதற்குத்தான் கீழ்க் கைகளுக்குக் குறுக்கே ஸ்பார்க் கேப், அதாவது மின்னழுத்தம் ஏறினால் பொறியாகத் தாண்டவிடும் இடைவெளி.

இன்றைய டெஸ்ட் கிட் இதையெல்லாம் தானே செய்து திரையில் எண் போட்டுவிடும். அதுதான் கொஞ்சம் ஆபத்தும். 10 கே.வி.யில் அந்தப் புஷ்ஷிங்கில் ஓடுவது ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவு, இழப்பு 0.05 வாட்டைத் தாண்டாது. இவ்வளவு சிறிய விஷயத்தைப் பீங்கான் மேல் படிந்த உப்போ பனியோ சுலபமாக மறைத்துவிடும். எண்ணூர், தூத்துக்குடி பக்கம் விடிகாலையில் அளந்த எண்ணை நம்பாதீர்கள். துடைத்து, வெயில் ஏறியபின் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். டான் டெல்டா மைனஸில் வந்தால் புஷ்ஷிங் அபாரம் என்று பொருளல்ல, அளவீட்டில் கோளாறு. பக்கத்து பஸ்பாரில் (சப்ஸ்டேஷனின் பொது மின்கடத்தி) மின்சாரம் இருந்தால் அதன் தூண்டலும் 50 ஹெர்ட்ஸில் உள்ளே நுழையும். முன்பு சப்ளையின் துருவத்தை மாற்றி இரண்டு முறை அளந்து சராசரி எடுப்போம். இப்போதைய கிட்கள் 50க்குச் சற்று மேலும் கீழும் அளந்து தப்பிக்கின்றன. டிரான்ஸ்பார்மர் வைண்டிங் (கம்பிச் சுருள்) முனைகளைச் சேர்த்துக் கட்டாமல் அளந்த ரிப்போர்ட்டையும் திருப்பி அனுப்பலாம்.

0.7 என்பது எண்ணெய்-காகிதப் புஷ்ஷிங்குக்கு ஐ.இ.சி. 60137 தரும் உச்ச வரம்பு, புதியதற்கு. போன வருடம் 0.3 இருந்து இந்த வருடம் 0.6 என்றால் வரம்புக்குள்தான், ஆனால் நான் விட மாட்டேன். இரண்டையும் 20 டிகிரிக்குத் திருத்தி ஒப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மே மாத வெயிலைத்தான் ஒப்பிடுகிறோம். கெப்பாசிட்டன்ஸ் நேம் பிளேட்டைவிட 3 சதவீதம் கூடியிருந்தாலே ஏன் என்று கேளுங்கள்.

கடைசியாக டெஸ்ட் டாப், அதாவது அளப்பதற்காகப் புஷ்ஷிங்கில் விட்டிருக்கும் முனை. அளப்பதற்காக அதன் மூடியைக் கழற்றுகிறோம். அந்த மூடிதான் டாப்பை எர்த்தோடு சேர்ப்பது. திரும்ப மாட்டாமலோ, ஸ்பிரிங் துருப்பிடித்துத் தொடாமலோ மின்சாரம் கொடுத்தால் டாப் எர்த் இல்லாமல் மிதக்கும், உள்ளே பொறி பறக்கும், நல்ல புஷ்ஷிங்கும் போகும். சோதித்ததாலேயே கெட்டது என்ற நிலை. லைன் கிளியர் (மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்யத் தரும் அனுமதி) திருப்பிக் கொடுப்பதற்கு முன் உங்கள் ஆள் ஒருவர் மேலே ஏறி, ஒவ்வொரு மூடியையும் கையால் தொட்டுப் பார்த்து, ஓ-ரிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.