டாரிஃப்: வரியா, தீர்வையா, பட்டியலா?

2025 ஏப்ரலில் சிங்கப்பூர்ப் பொருள்களுக்கும் 10 விழுக்காடு டாரிஃப் என்று அமெரிக்கா அறிவித்தது. அந்த வாரம் தேக்காவில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது மாமா என்னிடம் கேட்டார்: "ஏற்கெனவே ஜிஎஸ்டி 9 கட்டுறோம். இப்ப இதுல இன்னொரு 10ஆ?"

அவர் மேல் தவறில்லை. கைப்பேசியில் அவர் படித்த செய்தியில் 'வரி' என்று மட்டும்தான் இருந்தது. நாம் கடையில் கட்டுவதும் வரி, சம்பளத்துக்குக் கட்டுவதும் வரி, அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது அந்த ஊர் இறக்குமதியாளர் கட்டுவதும் வரி என்றால், படிப்பவர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? ஆங்கிலத்தில் கடைசியில் சொன்னதற்குத் தனிச்சொல் உண்டு: டாரிஃப். நம்மிடமும் உண்டு.

அரபு மொழியில் 'தஅரீஃப்' என்றால் அறிவித்தல், தெரியப்படுத்துதல். மத்தியதரைக் கடல் வணிகர்கள் வாயில் அது இத்தாலிய 'தாரிஃபா' ஆகி, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ஸ்பெயினின் தென்முனையில் உள்ள தாரிஃபா என்ற ஊரின் பெயர்தான் இது என்றும் ஒரு கதை சொல்வார்கள்; அதை நம்ப வேண்டாம். பிறந்தபோது இந்தச் சொல் பணத்தைக் குறிக்கவே இல்லை. எந்தச் சரக்குக்கு எவ்வளவு என்று எழுதி அறிவித்த பட்டியலைத்தான் குறித்தது. மின்சாரத்துக்கும் ஆங்கிலத்தில் டாரிஃப் என்று சொல்வது அதனால்தான். அங்கே தமிழில் 'கட்டணம்' சரியான சொல். 'வரி' கூடவே கூடாது.

அந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. சாங்கியில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் என் தம்பி, அனுமதி விண்ணப்பத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் சரக்குப் பட்டியலில் அதற்குரிய எச்எஸ் எண்ணைப் போட வேண்டும். கணினிக்கு 8471, திரைக்கும் தொலைக்காட்சிக்கும் 8528, சில்லுக்கு 8542. முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுக்க ஒன்றுதான். ஆசியானில் எட்டு இலக்கம் வரை போகும். "இன்வாய்ஸ்ல மானிட்டர்னு மட்டும் இருந்தா பத்தாதுண்ணே, அது எதுல மாட்டுறதுன்னு கேட்டுட்டுத்தான் எண்ணைப் போடுவேன்" என்பான்.

அந்தக் கேள்விக்காக நாடுகளே வழக்காடியிருக்கின்றன. 1996 டிசம்பரில் உலக வர்த்தக நிறுவனத்தின் முதல் அமைச்சர்நிலை மாநாடு நம் சிங்கப்பூரில் நடந்தது. கணினி, சில்லு, தொலைத்தொடர்புக் கருவி போன்றவற்றுக்குத் தீர்வையே வேண்டாம் என்று 29 தரப்புகள் அங்கே ஒப்புக்கொண்டன. அப்புறம் பொருள்கள் மாறின. தட்டைத்திரையில் டிவிடியும் பார்க்கலாம், அச்சுப்பொறியே நகலும் எடுக்கும் என்ற காலம் வந்தது. அப்படியானால் இவை கணினிச் சாதனங்கள் அல்ல என்று ஐரோப்பிய ஒன்றியம் சில வகைத் திரைகளுக்கு 14 விழுக்காடும், பலவேலை அச்சுப்பொறிகள் சிலவற்றுக்கு 6 விழுக்காடும் விதித்தது. 2008இல் அமெரிக்காவும் ஜப்பானும் தைவானும் வழக்குத் தொடுத்தன. 2010இல் உலக வர்த்தக நிறுவனத்தின் நடுவர் குழு அவற்றின் பக்கம் நின்றது. பட்டியலில் ஒரு பொருளுக்கு என்ன பெயர் என்பதுதான் அந்த வழக்கின் உயிரே!

சரி, தமிழுக்கு வருவோம். மிகப் பழைய சொல் 'உல்கு'. வேந்தனுக்கு உரிய பொருள்களை எண்ணும் குறளில் 'உல்கு பொருளும்' வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க அலுவலர்கள் மூட்டைகளில் புலிச்சின்னம் பொறித்து அனுப்பியதைப் பட்டினப்பாலை கண்முன் நிறுத்துகிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் இன்றைய செய்தியில் போட்டால் யாருக்கும் புரியாது. 'சுங்கம்' வடமொழிச் 'சுல்க'த்திலிருந்து பிராகிருதம் வழியாக வந்தது. முதலாம் குலோத்துங்கனை 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று கொண்டாடும் அளவுக்கு நம் மண்ணில் ஊறிவிட்டது. 'தீர்வை' நம் 'தீர்' என்ற வினையில் பிறந்தது: இவ்வளவு என்று தீர்மானித்து விதிப்பது. நிலத்தீர்வை, ஆயத்தீர்வை எல்லாம் இதன் பிள்ளைகள்.

இரண்டையும் சேர்த்துச் 'சுங்கத் தீர்வை' என்று எழுதினால் டாரிஃபுக்கு அச்சாகப் பொருந்தும். பட்டியலைச் சொல்லும் இடத்தில் 'தீர்வைப் பட்டியல்'. பழிக்குப் பழியாக விதிப்பது 'பதிலடித் தீர்வை'. 2022 அக்டோபரில் சீனாவுக்கு மேம்பட்ட சில்லுகள் போகாமல் அமெரிக்கா கொண்டுவந்த விதிகளைத் தயவுசெய்து இதில் சேர்க்காதீர்கள். அவை 'ஏற்றுமதிக் கட்டுப்பாடு'. தீர்வை என்றால் காசு கட்டிப் பொருளைக் கொண்டுபோகலாம். கட்டுப்பாட்டில் உரிமம் கிடைக்காவிட்டால் எவ்வளவு காசு கொடுத்தாலும் பொருள் நகராது.

மாமாவிடம் 'சுங்கத் தீர்வை' என்று சொன்னேன். கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார். "ஓ, ஜொகூர்லேருந்து வரும்போது உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடில சிகரெட்டுக்குக் கட்டச் சொல்றாங்களே, அதுவா?"

"அது மாதிரிதான் மாமா. இது அவங்க ஊர் உட்லண்ட்ஸ்ல கட்டுறது."