முறுக்கேறிய தங்கத் துகளும் சுழன்று வரும் ஒளியும்

வலது காலுக்குத் தைத்த செருப்பு இடது காலுக்குப் பொருந்தாததைப் போல, எப்படித் திருப்பி வைத்தாலும் தன் கண்ணாடிப் பிம்பத்தோடு ஒன்றாத வடிவத்தைக் கைரல் வடிவம் என்கிறோம். பெரும்பாலான அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் இத்தகையவை. மின்புலம் சுழன்றபடியே முன்னேறும் ஒளிக்கு வட்ட முனைவாக்கம் பெற்ற ஒளி என்று பெயர். அதன் இடச்சுழல், வலச்சுழல் என்னும் இரு வகைகளில் ஒன்றைக் கைரல் மூலக்கூறுகள் மற்றதைவிடச் சற்றே கூடுதலாக உட்கவர்கின்றன.

அந்த வேறுபாடு மிகச் சிறியது. அதற்குக் காரணம் அளவுதான். புலம் ஒரு முழுச் சுற்றை முடிக்க ஓர் அலைநீளத் தொலைவு, அதாவது கட்புல ஒளியில் 400 முதல் 700 நானோமீட்டர் வரை, செல்ல வேண்டும். சிறு மூலக்கூறின் அகலமோ ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் என்பதால், அதைக் கடக்கும் நேரத்தில் புலம் ஒரு பாகைகூடத் திரும்புவதில்லை. இரு உட்கவர்தல்களின் வேறுபாட்டை அவற்றின் சராசரியால் வகுத்துக் கிடைக்கும் ஜி-காரணியின் உச்சம் 2. பெரும்பாலான சிறு மூலக்கூறுகளில் அது 0.001-ஐ ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருக்கிறது.

உலோக நானோ துகள்கள் இந்த நிலையை மாற்றுகின்றன. தங்கத்தில் கட்டற்று நகரும் எலக்ட்ரான்கள் ஒளியின் மின்புலத்துக்கு ஏற்பக் கூட்டமாக ஊசலாடுகின்றன. பிளாஸ்மான் ஒத்ததிர்வு எனப்படும் இந்த ஊசலாட்டம் சிறிய தங்கக் கோளங்களில் 520 நானோமீட்டர் அருகே உச்சம் பெறுவதால்தான் அவற்றின் கரைசல் சிவப்பாகத் தெரிகிறது. கோளத்துக்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. எனினும், கோளங்களைச் சுருள் வடிவில் அடுக்கினால் ஒன்றின் ஊசலாட்டம் அடுத்ததைத் தூண்ட, ஒட்டுமொத்த இயக்கமே சுருள் பாதையில் அமைகிறது. டிஎன்ஏ இழைகளை மடித்துச் செய்த சட்டத்தின் மேல் 10 நானோமீட்டர் தங்கத் துகள்களை இவ்வாறு ஒட்டி, இந்த விளைவை 2012-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டினர்.

ஒற்றைத் துகளையே முறுக்கேறியதாக வளர்ப்பது இன்னும் வியப்பூட்டுவது. 2018-இல் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் கி டே நாம் குழுவினர், தங்கத் துகள்கள் வளரும் கரைசலில் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தைச் சேர்த்தனர். தங்கப் படிகம் கைரல் அல்ல. ஆனால் அதன் சாய்ந்த முகங்களில் அணுப்படிகள் மடங்கும் மூலைகள் இட, வல வகைகளாக அமைகின்றன. சிஸ்டீனின் கந்தகம் தங்கத்தைப் பற்றிக்கொள்ள, அதன் இரு கண்ணாடிப் பிம்ப வடிவங்களில் ஒன்றான எல்-வடிவம் ஒரு வகை மூலையையே கூடுதலாக நாடுகிறது. இதனால் இரு வகை மூலைகளிலும் வளர்ச்சி வேகம் வேறுபட்டு, கனசதுரத்தின் விளிம்புகள் ஒரே திசையில் சாய்ந்து வளைகின்றன. மற்றொன்றான டி-வடிவத்தைச் சேர்த்தால் துல்லியமான எதிர்ப்பிம்பம் கிடைக்கிறது. எந்தச் செதுக்கு கருவியும் இன்றி, ஒரு மூலக்கூறின் கைத்தன்மை, அதாவது இட-வல வேறுபாடு, தன்னைவிட நூறு மடங்குக்கும் பெரிய உலோகத்துக்குக் கடத்தப்படுகிறது என்பதே இதில் என்னை மிகவும் கவர்வது.

சிஸ்டீனுக்குப் பதிலாக, அதை உள்ளடக்கிய குளூட்டாதையோன் என்னும் சிறு பெப்டைடைக் கொண்டு வளர்த்த துகள்களில் ஜி-காரணி 0.2-ஐ எட்டியது. முகத்துக்கு முகம் இதே முறுக்கு அமைந்திருப்பதால், கரைசலில் துகள்கள் எந்தத் திசையில் திரும்பிக் கிடந்தாலும் விளைவு மங்குவதில்லை. முறுக்கின் ஆழத்தையும் விளிம்பின் நீளத்தையும் மாற்றினால் எந்த நிறத்தில் வேறுபாடு உச்சம் பெறும் என்பதும் மாறுகிறது. இதே குழுவினர் 2022-இல் இத்துகள்களை அறுகோண வரிசையில் அடுக்கி, அவற்றின் கூட்டு ஒத்ததிர்வில் நேரும் மாற்றத்தைக் கொண்டு, அருகில் உள்ள மூலக்கூறுகள் இடவகையா வலவகையா என்று கண்டறியும் முறையை வெளியிட்டனர்.